பேருக்கு டைரக்டர் என்று யாரும் இல்லை

"அவங்க பேருக்குத்தான் டைரக்டர் மேடம், எல்லாத்தையும் நான்தான் பார்த்துக்கிறேன்." கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், கம்பெனிகளின் சட்டப் பதிவுகளைக் கவனிக்கும் கம்பெனி செயலாளராக இருக்கும் எனக்கு இந்த வசனம் மனப்பாடம். 'அவங்க' என்பது பெரும்பாலும் மனைவி. சில வீடுகளில் ஓய்வுபெற்ற அப்பா, சில வீடுகளில் இப்போதுதான் படிப்பை முடித்த மகள்.

காரணங்கள் பலவிதம். கணவர் திவாலானவராக அறிவிக்கப்பட்டிருப்பார். விடுவிக்கப்படாத திவாலானவர் உரிய அனுமதி இல்லாமல் டைரக்டராக இருக்கக் கூடாது, கம்பெனி நிர்வாகத்திலும் தலையிடக் கூடாது. அல்லது வெளிநாட்டுக் கூட்டாளி ஒருவர் வருவார். மலேசியாவில் வசிக்கும் டைரக்டர் ஒருவராவது வேண்டும் என்பதால், மாதம் ஏதோ ஒரு தொகைக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரைக் கொடுப்பார்.

இன்னொரு கூட்டத்தை யாரும் கவனிப்பதில்லை. 1965ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி ஒரு செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி, தொடங்க இரண்டு டைரக்டர்கள் வேண்டியிருந்தது. எண்ணிக்கைக்காக அன்று மனைவியை, தம்பியை, மச்சானைச் சேர்த்தார்கள். 2017 ஜனவரி 31இல் புதிய கம்பெனிகள் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் ஒரே டைரக்டர் போதும் என்றாகிவிட்டது. ஆனால் பழைய பெயர்களை யாரும் எடுக்கவில்லை. இப்போதும் பல கோப்புகளில் அவை அப்படியே இருக்கின்றன. சம்பந்தப்பட்டவருக்கே ஞாபகம் இருக்காது.

சட்டம் இவர்களை எப்படிப் பார்க்கிறது? புதிய சட்டத்தின் 213ஆவது பிரிவின்படி, அந்தப் பொறுப்பில் இருக்கும் ஒருவரிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய அறிவும் திறமையும் கவனமும் வேண்டும். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்பது அளவுகோல் இல்லை. மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை, 30 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சரி, சிறைவரை போகிற குடும்பக் கம்பெனிகள் குறைவுதான். நான் அதிகம் பார்ப்பது இபிஎஃப் எனும் தொழிலாளர் சேமநிதிப் பாக்கி. தொழிலாளர்களின் சந்தாவைக் கம்பெனி கட்டாவிட்டால், அந்தக் காலத்தில் டைரக்டராக இருந்த ஒவ்வொருவரும் கம்பெனியோடு சேர்ந்து அந்தக் கடனுக்குப் பொறுப்பு. பயணத் தடையும் போடலாம். திருப்பதிக்குக் கிளம்பிய ஓர் அம்மாவுக்கு, தன் பெயரில் கேட்டரிங் கம்பெனி இருக்கிறது என்பதே விமான நிலையத்தில் குடிநுழைவு கவுண்டரில்தான் நினைவுக்கு வந்தது. மகன் கட்டாமல் விட்ட சந்தா. அம்மாவின் தவறு, வருஷா வருஷம் காகிதத்தைப் புரட்டாமல் கையெழுத்துப் போட்டது மட்டும்தான்.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், கணக்குப் பார்ப்பதில் நம்மவர்கள் ஒரு காலத்தில் கெட்டிக்காரர்கள். கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில், கிட்டங்கி எனும் கடையும் இருப்பிடமுமான கட்டடங்களில் வட்டித் தொழில் நடத்திய செட்டியார் ஏஜெண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார், ஏஜெண்டு அதிகாரப் பத்திரத்தோடு மூன்று வருடம் போல இங்கே தொழில் பார்ப்பார். கணக்கு ஒழுங்காக ஊருக்குப் போய்க்கொண்டே இருக்கும், தவணை முடிந்ததும் அடுத்த ஆள் பொறுப்பேற்பார். அந்த முறையில் கடன்பட்ட விவசாயிகளுக்கு நேர்ந்தது வேறு கதை, அதை நான் புகழவில்லை. ஆனால் கடல் கடந்து இருந்த முதலாளிக்குத் தன் பேரேடு தெரிந்திருந்தது. அதே வீட்டில் குடியிருக்கும் டைரக்டருக்கு இன்று தெரியவில்லை.

பெரிய கம்பெனிகளில் மட்டும் என்ன வாழ்கிறது? டிரான்ஸ்மைல் என்ற விமானச் சரக்கு நிறுவனம், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. 2004 முதல் 2006 வரை வருமானத்தைச் சுமார் 62 கோடி ரிங்கிட் கூட்டிக் காட்டியிருந்தது 2007இல் சிறப்புத் தணிக்கையில் வெளிவந்தது. 2011இல் செஷன்ஸ் நீதிமன்றம் அதன் முன்னாள் சுயேச்சை டைரக்டர்கள் இருவருக்கு, 2006ஆம் ஆண்டு முடிவுகள் பற்றித் தவறான தகவல் வெளியிட அனுமதித்ததற்காக, தலா ஓராண்டுச் சிறையும் 3 லட்சம் ரிங்கிட் அபராதமும் விதித்தது. அன்றாட நிர்வாகத்தை நடத்தியவர்கள் அல்ல அவர்கள். தணிக்கைக் குழுவில் இருந்தவர்கள், கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவர்கள். அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் பலர் டைரக்டர் பதவியை மரியாதைப் பதவியாக நினைப்பதை நிறுத்தினார்கள் என்பது என் கணிப்பு.

இப்போது தொழில்நுட்பம். ஆன்லைன் வங்கிக் கணக்கில் ஒருவர் பணப் பரிமாற்றத்தைப் பதிவார், இன்னொருவர் அங்கீகரிப்பார். இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வங்கி அப்படி வைத்திருக்கிறது. நம் கடைகளில் இரண்டு பாஸ்வேர்டும் ஒரே கணக்காளரிடம் இருக்கும். "அவ நம்ம பிள்ளை மாதிரி" என்பார்கள். 2024இல் ஹாங்காங்கில் அரூப் நிறுவனத்தின் ஊழியர், வீடியோ அழைப்பில் வந்த போலி நிதி அதிகாரியை நம்பி 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். அழைப்பில் தெரிந்த சக ஊழியர்களின் முகங்களும் செயற்கை நுண்ணறிவால் செய்யப்பட்டவை. இரண்டாவது கண் இல்லாத சின்னக் கம்பெனிக்கு அவ்வளவு செலவுகூடத் தேவையில்லை, ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்.

விற்பனை விலைப்பட்டியலை மின்னணு வழியாக வருமான வரி வாரியத்துக்கு அனுப்பும் இ-இன்வாய்ஸ் முறை 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கி வந்திருக்கிறது. அதில் சேர்ந்த கம்பெனி எவ்வளவு விற்றது என்பது வருமான வரி வாரியத்துக்கு உடனுக்குடன் தெரிகிறது, பேருக்கு டைரக்டருக்குத் தெரிவதில்லை. அப்புறம், 2024 ஏப்ரல் 1 முதல் கம்பெனியை உண்மையில் கட்டுப்படுத்துபவர் யார் என்பதையும் கம்பெனிகளைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்எஸ்எம்மிடம் பதிய வேண்டும். மனைவி பெயரில் பங்கு, பின்னால் இருந்து நடத்துவது திவாலான கணவர் என்றால் சிக்கல் இரட்டிப்பு. எழுதிக் கொடுத்தால் ஒரு மீறல் வெளியே வரும், மறைத்தால் அதுவே இன்னொரு குற்றம்.

உங்கள் பெயர் எந்தக் கம்பெனியிலாவது இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால், முதலில் எஸ்எஸ்எம் ஆன்லைன் சேவையில் அந்தக் கம்பெனியின் விவரத்தை வாங்கிப் பாருங்கள், செலவு அதிகமில்லை. தொடர்ந்து இருப்பதாக இருந்தால், இபிஎஃப், சோக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்டிய ரசீதுகளையும் வங்கி அறிக்கையையும் மாதாமாதம் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்குகிறார்கள் என்றால் விலகுங்கள். கடிதத்தைக் கம்பெனியின் பதிவு அலுவலக முகவரிக்கு எழுத்து மூலம் அனுப்ப வேண்டும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொன்னால் ஆகாது. நீங்கள்தான் ஒரே டைரக்டர் என்றால் இன்னொருவரை நியமிக்காமல் விலக முடியாது. விலகிய பிறகும், நீங்கள் இருந்த காலத்துப் பாக்கிக்கு உங்களைத் தேடி வரலாம். ஆகவே தேதி போட்ட கடிதத்தின் நகலையும், அது போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் வீட்டில் பத்திரமாக வையுங்கள்.