தேசியத் தகைமைச் சட்டகம்: சொல் விளக்கம்

நேஷனல் குவாலிஃபிகேஷன்ஸ் ஃபிரேம்வொர்க் என்பதைத் தமிழில் தேசியத் தகைமைச் சட்டகம் எனலாம். ஒரு நாட்டில் தரப்படும் சான்றிதழ், டிப்ளமோ, பட்டம் எல்லாம் எந்தெந்தப் படியில் நிற்கின்றன என்று காட்டும் ஏற்பாடு இது.

குவாலிஃபிகேஷனைத் தமிழ்நாட்டில் 'தகுதி' என்றே எழுதிவிடுகிறோம். ஆனால் வயது வரம்பும் தகுதிதான், வருமான வரம்பும் தகுதிதான். இலங்கைத் தமிழில் 'தகைமை' வேலை விளம்பரம் வரை ஊறிப்போன சொல், 'தேசிய தொழிற் தகைமை' என்றால் அங்கே எல்லாருக்கும் விளங்கும். தகு என்ற வேரிலிருந்து தகுதி, தகவு, தகை எல்லாம் வந்த வழியில்தான் இதுவும் வந்தது. 'தகைமைக்கண் தங்கிற்று உலகு' என்ற 874ஆம் குறளில் இதற்குப் பெருமை என்று பொருள். இவ்வளவு நல்ல சொல் கையில் இருக்கும்போது ஏன் தயங்க வேண்டும்? ஃபிரேம்வொர்க்கைக் கட்டமைப்பு என்பவர்கள் உண்டு. அது சாலை, பாலம் வரை எல்லாவற்றுக்கும் போய்விட்டதால் எனக்குச் சட்டகமே பிடிக்கிறது.

அடுத்தது 'பதிவு', அதாவது ஒரு பட்டத்தை இந்தச் சட்டகத்தில் சேர்ப்பது. இங்கேதான் குழப்பம் அதிகம், ஏனென்றால் அனுமதி, தரச்சோதனை, பதிவு மூன்றையும் நாம் 'அங்கீகாரம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். அங்கே 1995இல் வந்த சட்டத்தால் தகைமைகள் ஆணையம் அமைந்தது, ஆங்கிலச் சுருக்கத்தில் சாக்வா (SAQA). 2008இல் வந்த புதிய சட்டத்தின்கீழ் இப்போது 10 படிகள்: இளங்கலை 7இல், முனைவர் பட்டம் 10இல். ஒரு பல்கலைக்கழகம் புதிய பட்டம் தொடங்க நினைத்தால் உயர்கல்வித் துறையின் ஒப்புதல் வேண்டும், உயர்கல்வி மன்றம் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வசதியையும் பார்த்துத் தர அங்கீகாரம் தர வேண்டும், அப்புறம்தான் சாக்வா அதைச் சட்டகத்தில் பதிந்து ஓர் எண் கொடுக்கும். தரம் பார்ப்பது ஒருவர், பதிவது இன்னொருவர்.

பதிவு என்றால் பெயரை மட்டும் ஏட்டில் ஏற்றுவது இல்லை. பட்டத்தின் நோக்கம், படி, கிரெடிட், படித்து முடித்தவருக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும், அதை எப்படி மதிப்பிடுவது, அடுத்து எந்தப் படிப்புக்குப் போகலாம், வெளிநாட்டில் இதற்கு இணையானது எது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு கிரெடிட் என்பது சராசரி மாணவர் வகுப்பு, வீட்டுப் படிப்பு, தேர்வு எல்லாம் சேர்த்துச் செலவிடும் 10 மணி நேரம். மூன்றாண்டு இளங்கலைக்குக் குறைந்தது 360 கிரெடிட், அதாவது 3,600 மணி நேரம்.

இந்தப் பதிவுக்குக் காலவரம்பும் உண்டு. பதிவு முடியும் நாள், புதிதாகச் சேரக் கடைசி நாள், சேர்ந்தவர்கள் முடிக்கக் கடைசி நாள் என மூன்று தேதிகள் சாக்வா பதிவில் தனித்தனியே இருக்கும். அங்கே படிக்கப் போகிறவர்கள் கட்டணம் கட்டும் முன் பதிவு எண்ணையும் இந்தத் தேதிகளையும் பார்த்துவிடுங்கள்.