விழிப்புள்ளிச் சிதைவு: சொல் விளக்கம்

விழித்திரையின் நடுவில் உள்ள ஒரு சிறிய இடம் மெல்ல மெல்லக் கெட்டு நேர்ப்பார்வை குறைந்துபோகும் நோய்க்கு விழிப்புள்ளிச் சிதைவு என்று பெயர். மருத்துவர்கள் ‘மாகுலர் டிஜெனரேஷன்’ என்பது இதைத்தான்.

‘மாகுலா’ இலத்தீன் சொல். கறை, புள்ளி என்று பொருள். தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் ‘மறு’. நிலவில் தெரியும் கறையை மறு என்பது பழைய வழக்கு. ‘மாசு மறுவற்ற’ என்று இன்றைக்கும் சொல்கிறோம். அதே பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் ‘இம்மாகுலேட்’ என்பதும் இந்த மாகுலாவில் பிறந்ததே. கண்ணில் இருப்பதன் முழுப்பெயர் ‘மாகுலா லூட்டியா’, அதாவது மஞ்சள் புள்ளி. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், இறந்தவர்களின் கண்களை ஆராய்ந்த உடற்கூறு அறிஞர்கள் விழித்திரையில் மஞ்சளாகத் தெரிந்த இடத்துக்கு வைத்த பெயர் அது. லூட்டின், ஸியாசாந்தின் என்ற நிறமிகள்தான் அந்த மஞ்சளுக்குக் காரணம். நம் உடல் இவற்றைத் தானாக உண்டாக்காது, உணவிலிருந்தே பெற வேண்டும்.

பெயரில் கறை இருந்தாலும், கண்ணிலேயே கூர்மையாகப் பார்க்கும் இடம் இதுதான். குறுக்களவு ஏறக்குறைய 5.5 மி.மீ. எழுத்தைப் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, எதிரே வருபவர் யார் என்று அடையாளம் காண்பது எல்லாம் இதன் வேலை.

‘டிஜெனரேஷன்’ என்பதற்கு இலத்தீன் மூலத்தில் தன் இனத்துக்குரிய தன்மையிலிருந்து இழிதல் என்று பொருள். மருத்துவத்தில், திசு தன் இயல்பும் வேலைத்திறனும் இழப்பதைக் குறிக்கும். ‘தேய்மானம்’ என்றால் மூட்டு நினைவுக்கு வரும். ‘அழிவு’ என்றால் எல்லாம் போயிற்று என்றாகிவிடும். படிப்படியாகக் கெடுவதைச் சொல்ல ‘சிதைவு’ பொருத்தம். ‘மஞ்சள் புள்ளிச் சிதைவு’ என்றாலும் பிழையில்லை. ஆனால் ‘கண் சிதைவு’ என்று சுருக்குவதை நான் ஏற்கமாட்டேன். நோயாளியை வீணாக நடுங்க வைக்கும் பெயர் அது. இந்த நோயில் கெடுவது நடுப்பார்வை. ஓரப்பார்வை பெரும்பாலும் தங்கிவிடுகிறது. எதிரே நிற்பவரின் தலைமுடியும் தோளும் தெரியும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கல் நிற்கும். வாசற்படி தெரிந்து நடந்துபோகிறவரால் செய்தித்தாளைப் படிக்க முடியாது. கண்புரையும் இதுவும் வேறு வேறு. புரை கண்வில்லையில் வருவது. அறுவை செய்து வில்லையை மாற்றினால் தீரும். இது விழித்திரையில் வருவது.

பெரும்பாலும் 50 வயதுக்குமேல் வருவதால் ‘வயதுசார்’ என்ற அடைமொழி சேர்ப்பார்கள். மருத்துவ ஏட்டில் காணும் ‘ஏ.எம்.டி.’, அதன் ஆங்கிலப் பெயரான ‘ஏஜ்-ரிலேட்டட் மாகுலர் டிஜெனரேஷன்’ என்பதன் சுருக்கம். முன்பு இதை ‘முதுமைச் சிதைவு’ என்ற பொருளில் அழைத்தார்கள், பிறகு மாற்றினார்கள். மாற்றியது நல்லதே. இளவயதிலேயே பரம்பரையாக வரும் ஸ்டார்கார்ட் நோயும் விழிப்புள்ளியைத்தான் தாக்குகிறது என்பதால் அடைமொழி தேவைப்படுகிறது.

வயதுக்கு அடுத்து வலுவான காரணம் புகைபிடித்தல். குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலும் வாய்ப்புக் கூடும். நோய் எதிர்ப்பு அமைப்பின் ஒரு பகுதியைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் உள்ள மாறுபாட்டுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று 2005இல் தெரியவந்தது. விழித்திரைக்கு அடியில் கழிவு சேர்ந்து மஞ்சள் நிறப் படிவுகளாகத் தங்குவதே தொடக்கம். இந்தப் படிவுக்கு ‘ட்ரூசென்’ என்று பெயர்.

அடுத்து, அதிகம் குழப்பும் இரண்டு சொற்கள்: உலர் வகை, ஈர வகை. கண்ணீருக்கும் இவற்றுக்கும் தொடர்பே இல்லை. ‘உலர்’ என்று கேட்டுவிட்டு, கண் வறட்சிக்குப் போடும் சொட்டு மருந்தே போதும் என்று இருந்துவிடக் கூடாது. விழித்திரைக்கு அடியில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்து நீரோ இரத்தமோ கசிந்தால் ஈர வகை. அந்தக் கசிவு இல்லாதது உலர் வகை. பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு உலர் வகைதான், அது மெல்ல நகரும். ஈர வகை சில நாள்களிலோ வாரங்களிலோ பார்வையைப் பறித்துவிடும். உலர் வகை ஈர வகையாக மாறுவதும் உண்டு. ஆகவே வீட்டிலேயே சோதித்துக்கொள்ள ஆம்ஸ்லர் கட்டத்தாள் கொடுப்பார்கள். படிக்கும் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். நேர்க்கோடு வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால், ஏதாவது கட்டம் காணாமல் போனால், அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

ஈர வகைக்கு இன்று நல்ல சிகிச்சை உண்டு. புதிய குழாய்களை வளரத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்துகிறார்கள். ரானிபிசுமாப் 2006இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பெவாசிசுமாப், அஃப்லிபெர்செப்ட் ஆகியவையும் பயன்படுகின்றன. கண்ணில் ஊசியா என்று பதறுவது இயல்பு. மரத்துப்போக மருந்திட்டுத்தான் போடுவார்கள், சில நொடிகளில் முடிந்துவிடும். தொடக்கத்தில் மாதம் ஒன்று, பிறகு இடைவெளி கூடும். பாதியில் நிறுத்தினால் கசிவு திரும்பக்கூடும்.

உலர் வகையில் போன பார்வையை மீட்கும் மருந்து இல்லை. முற்றிய நிலையில் சிதைவு பரவுவதைத் தாமதப்படுத்தும் இரண்டு ஊசி மருந்துகளுக்கு 2023இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. இடைநிலையில் இருப்பவர்களுக்கு வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், செம்பு, லூட்டின், ஸியாசாந்தின் கலந்த மாத்திரையைப் பரிந்துரைப்பார்கள். நோய் முற்றும் வாய்ப்பை அது ஏறக்குறைய கால் பங்கு குறைக்கிறது. நோய் இல்லாதவர் இதை விழுங்கி நோயைத் தடுத்துவிட முடியாது. பீட்டா கரோட்டின் சேர்ந்த பழைய கலவை புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுவதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

உங்கள் மருத்துவ ஏட்டில் ‘ஏ.எம்.டி.’ என்று இருந்தால் மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: எந்தக் கண், உலர் வகையா ஈர வகையா, எந்த நிலை.