டெக்ஸ்ட்ரான்: சொல் விளக்கம்

சில பாக்டீரியாக்கள் சர்க்கரையிலிருந்து தயாரிக்கும் கொழகொழப்பான பலபடிக்கு (பாலிமருக்கு) பெயர் டெக்ஸ்ட்ரான். முழுக்க முழுக்கக் குளுக்கோஸ் அலகுகளால் ஆன நீண்ட சங்கிலி இது.

லத்தீனில் ‘டெக்ஸ்டெர்’ என்றால் வலது. தளமுனைவுற்ற ஒளியை (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை) வலப்பக்கமாகத் திருப்புவதால் 1874-இல் ஷெய்ப்ளர் என்ற வேதியியலாளர் இப்படிப் பெயர் வைத்தார். இதை உண்டாக்குவது நுண்ணுயிரிதான் என்று லூயி பாஸ்டர் 1861-லேயே சொல்லியிருந்தார்.

சரி, இதற்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு என்று பார்ப்போம். பற்சொத்தைக்குப் பெயர்போன ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ம்யூட்டன்ஸ் என்ற பாக்டீரியா, ஒரு நொதியைத் தன் உடலுக்கு வெளியே விடுகிறது. அந்த நொதி, நாம் தின்னும் சாதாரணச் சர்க்கரையான சுக்ரோஸை இரண்டாக வெட்டுகிறது. குளுக்கோஸ் பாதி சங்கிலியில் சேர்கிறது; ஃபிரக்டோஸ் பாதியைப் பாக்டீரியா உள்ளே இழுத்துப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்குகிறது. ஒரே வெட்டில் ஒட்டவும் வழி கிடைக்கிறது, தின்னவும் தீனி கிடைக்கிறது. சங்கிலி கோக்கத் தேவையான ஆற்றலும் அந்தச் சுக்ரோஸ் பிணைப்பிலேயே இருக்கிறது. வெறும் குளுக்கோஸைக் கொடுத்தால் இந்த நொதியால் சங்கிலி கோக்க முடியாது. சாதாரணச் சர்க்கரையைப் பல் மருத்துவர்கள் தனியாகக் குறிப்பிட்டு எச்சரிப்பது இதனால்தான்.

டெக்ஸ்ட்ரானில் பெரும்பாலும் 1,6 பிணைப்பு, அதாவது ஒரு குளுக்கோஸின் 1-ஆம் கார்பன் அடுத்ததன் 6-ஆம் கார்பனோடு சேர்வது. அது நீரில் கரையும். 1,3 பிணைப்பு மிகுந்தால் கரையாத ‘ம்யூட்டான்’ ஆகிவிடும். பல்லை விடாமல் பிடித்துக்கொள்வதில் இதற்கே பெரிய பங்கு. வெறும் நீரில் கொப்பளித்தால் போகாது. பழைய நூல்கள் இரண்டையும் சேர்த்து டெக்ஸ்ட்ரான் என்றே எழுதிவிட்டன. இரண்டுக்கும் பொதுப்பெயர் குளூக்கான்.

தமிழில்? ‘வலஞ்சுழிப் பலபடி’ என்றால் பெயரின் வேர் தெரியும், பொருள் தெரியாது. ‘பசை’ சேர்க்கலாம் என்றால், பற்பசை ஏற்கெனவே வேறொன்றுக்கு உரிய சொல். டெக்ஸ்ட்ரானை அப்படியே வைத்துக்கொண்டு, முதல்முறை வரும்போது ‘குளுக்கோஸ் பலபடி’ என்று விளக்குவதே நல்லது. இதே பொருளை மருத்துவமனையில் டெக்ஸ்ட்ரான் 40 என்று நரம்பில் ஏற்றுகிறார்கள். பெயரை மாற்றினால் அங்கே குழப்பம் வரும்.

பாக்டீரியாக்களும் இந்தக் குளூக்கானும் சேர்ந்து பல்லின்மேல் படியும் ‘பிளாக்’ (plaque) என்பதற்குப் பற்படலம் கச்சிதமான சொல். அதைப் பற்காரை என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. காரை என்றால் சுண்ணாம்புப் பூச்சு. உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, படலம் கெட்டித்துப்போன பிறகே அந்தப் பெயர் பொருந்தும். படலத்தைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடலாம். காரையை மருத்துவர்தான் சுரண்ட வேண்டும்.