'ஒன்றுமில்லை, கிளம்பலாம்'

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மலை ஏறி இறங்கும் பைக் குழுக்களில் யாராவது விழுந்தால் எங்களிடம்தான் வருவார்கள். பள்ளத்தில் உருண்டவர்களையும் லாரியில் மோதியவர்களையும் ஆம்புலன்ஸ் கொண்டுவந்துவிடும். அவர்களுக்கு அடிபட்டிருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. எனக்கு வயிற்றைக் கலக்குவது, மறுநாள் காலையில் தானாக நடந்து வருகிறவர்கள்தான்.

ஒருவரைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எட்டு வண்டிகள் கொண்ட குழு. கொண்டை ஊசி வளைவில் சரளைக்கல் சிதறிக் கிடந்திருக்கிறது. முன்சக்கரம் வழுக்கி, கிட்டத்தட்ட நடக்கிற வேகத்தில் சாய்ந்துவிட்டார். சாயும்போது ஹேண்டில் திரும்பி, அதன் முனை இடது விலாவின் கீழ் ஓரத்தில் குத்தியது. எழுந்து பேண்ட்டில் மண்ணைத் தட்டிவிட்டு, "ஒன்றுமில்லை, கிளம்பலாம்" என்றிருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டியிருக்கிறார். இரவில் இடது தோளில் வலி. நண்பர் தைலம் தேய்த்துவிட்டார். காலையில் படுக்கையிலிருந்து எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

என் முன்னால் உட்கார்ந்தபோது நாடித் துடிப்பு 124, ரத்த அழுத்தம் கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது. தோளை நன்றாகச் சுழற்றினார், வலி கூடவில்லை. தோள் நன்றாக இருந்தும் தோள் வலிக்கிறது என்றால் வயிற்றைத்தான் பார்க்க வேண்டும். இடது விலாவுக்கு அடியில் இருக்கும் மண்ணீரலிலிருந்து கசியும் ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும். அங்கிருந்து வரும் நரம்பும் தோள்பட்டையின் தோல் நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் போய்ச் சேர்வதால், மூளை வயிற்றின் புகாரைத் தோளின் கணக்கில் எழுதிவிடும். ஸ்கேனில் மண்ணீரல் கிழிந்திருந்தது. அன்றே அறுவை சிகிச்சை. மண்ணீரலை எடுக்க வேண்டியதாயிற்று.

இளம் வயது உடம்பு இந்த விஷயத்தில் நன்றாகவே ஏமாற்றும். வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் உண்டு. அதில் ஒரு லிட்டர் உள்ளுக்குள் போனாலும், படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காது. நாடி வேகமெடுப்பது, தாகம், முகம் வெளுப்பது, எழுந்தால் தலைசுற்றுவது, இவ்வளவுதான் முதலில் தெரியும். விழுந்த உடனே அட்ரினலின் வேறு வலியை மறைத்துவிடும்.

ஏன் அங்கேயே உட்காரவில்லை என்று கேட்டேன். "ஏழு பேர் இன்ஜினைக்கூட அணைக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள் டாக்டர். நான் என்ன சொல்ல?" என்றார். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தப் பதில்தான். தனியாகப் போயிருந்தால் மனிதர் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்திருப்பார். குழுவில் போகும்போது தன்னால் பயணம் கெட்டது என்று ஆகிவிடக் கூடாதே என்ற கூச்சம் வந்துவிடுகிறது.

அதனால் குழுவாகக் கிளம்புகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். விழுந்தவர் முடிவெடுக்கக் கூடாது. கடைசி வண்டியில் வருகிறவர் முடிவெடுக்கட்டும். காலையில் கிளம்பும்போதே இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். யார் விழுந்தாலும், எவ்வளவு சின்ன விழுகையானாலும், வளைவைத் தாண்டிப் பாதுகாப்பான இடத்தில் எல்லா வண்டிகளையும் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். இன்ஜின் சத்தம் நின்றால்தான் விழுந்தவருக்குத் தன் உடம்பு என்ன சொல்கிறது என்பதே கேட்கும்.

ஒரு விதிவிலக்கு. விழுந்தவர் தானாக எழவில்லை, கழுத்து வலிக்கிறது என்கிறார், கை கால் மரத்திருக்கிறது என்றால் அவருடைய ஹெல்மெட்டில் கை வைக்காதீர்கள். கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டு, தலை அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மூச்சு திணறினாலோ வாந்தி எடுத்தாலோ மட்டும் ஹெல்மெட் வெளியே வந்தாக வேண்டும். அப்போதும் இருவர் வேண்டும்: ஒருவர் கீழிருந்து கழுத்தையும் தாடையையும் தாங்க, மற்றவர் மெதுவாக உருவ வேண்டும்.

அந்த அரை மணியில் நாடியைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணுங்கள். பதற்றத்தில் முதலில் வேகமாக இருக்கும், பிறகு இறங்க வேண்டும். இறங்காமல் 100க்கு மேலேயே நின்றால் வண்டி ஓட்டும் பேச்சே வேண்டாம். வயிற்றை நான்கு பக்கமும் மெதுவாக அழுத்தி, எங்காவது வலிக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக எங்கே நிறுத்தினோம், அடுத்து எங்கே போகிறோம் என்று கேளுங்கள். பதில் தடுமாறினாலோ, அவரே கேட்ட கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலோ தலையில் அடி என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டில் கீறல் இல்லை என்பதெல்லாம் சாட்சி ஆகாது. இரவில் வலிக்கு ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும். மதுவும் வேண்டாம். குடித்தவர் உளறுகிறாரா, மூளையில் ரத்தம் கட்டியவர் உளறுகிறாரா என்று எங்களாலேயே சட்டென்று சொல்ல முடியாது.

அரை மணி நன்றாகப் போனால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. அன்றைக்கு அவரைத் தனியாக விடாதீர்கள், தனி அறையில் தூங்க விடாதீர்கள். இடது தோள் வலி, தலைவலி கூடுவது, வாந்தி, மயக்கம், எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உள்மலைச் சாலைகளில் செல்போன் சிக்னல் இருக்காது, ஆம்புலன்ஸ் வர மணிக்கணக்காகும். உதவி தேடிப் போகிறவர்கள் இரண்டு வண்டிகளாகப் போகட்டும். பதறிக்கொண்டு தனியாகப் போனவர் அடுத்த வளைவில் விழுந்து, அவரும் என்னிடம் வந்த கதை உண்டு.

வண்டிகளின் வரிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதியவரைக் கடைசியில் விடுவது பலருக்குப் பழக்கம். ரப்பர் பேண்டு இழுபடுகிற மாதிரி, முன்னால் போகிறவர் நிதானமாகப் போனாலும் கடைசியில் இருப்பவர் இடைவெளியை அடைக்க விரட்ட வேண்டிவரும். புதியவர் இரண்டாவதாக வரட்டும். வளைவுகளில் ஒற்றை வரிசை, குறைந்தது இரண்டு விநாடி இடைவெளி. மணிக்கு 40 கிலோமீட்டரில் அது சுமார் 22 மீட்டர். சரளை கிடக்கும் இடத்தில் இன்னும் கூட்டுங்கள்.

மண்ணீரல் போனவர் மூன்று வாரம் கழித்துத் தடுப்பூசிகளுக்காக வந்தார். மண்ணீரல் இல்லாதவர்களைச் சில கிருமிகள் மிக எளிதாக வீழ்த்திவிடும் என்பதால் அவை கட்டாயம். கூட வந்தவர் தைலம் தேய்த்துவிட்ட அதே நண்பர். படிவத்தை நிரப்பும்போது பேனாவை இரண்டு விரலில் கோணலாகப் பிடித்து எழுதினார். கையைக் கொடுங்கள் என்றேன். கட்டைவிரலை மேலே நிமிர்த்தினால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழி விழும். அங்கே அழுத்தினேன். நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டார். அதற்கு அடியில் இருக்கும் ஸ்கேபாய்டு எலும்பு உடைந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். ரத்த ஓட்டம் குறைவான எலும்பு, கவனிக்காமல் விட்டால் ஒரு பகுதி செத்தே போகும்.

"எப்போது விழுந்தீர்கள்?"

"அதே வளைவில்தான் டாக்டர். இவன் விழுந்ததைப் பார்த்து பிரேக் பிடித்தேன், நானும் சாய்ந்துவிட்டேன். இவனே எழுந்து வண்டி ஓட்டும்போது நான் போய் கை வலிக்கிறது என்று சொல்வேனா?"

எக்ஸ்ரே சீட்டு எழுதிக் கொடுத்தேன். இடது கையால் வாங்கிக்கொண்டு போனார்.