பழைய கிடங்கின் தடித்த சுவர்

அருங்காட்சியகத்துக்குப் போனால் நம் கண்ணில் படுவது அதன் சேகரிப்பில் ஒரு சிறு பங்குதான். மீதியெல்லாம் எங்கோ இருட்டறையில் அடுக்கியிருக்கும். அந்த அறைக்கு நூறு வருடப் பழைய பஞ்சுக் கிடங்கோ தானியக் கிடங்கோ அருமையாகப் பொருந்தும். மூட்டைகளைத் தாங்கிய தரை என்பதால் பாரமான அலமாரிகளையும் தாங்கிவிடும். ஆனால் எனக்குப் பிடித்த காரணம் சுவர்.

ஒரு பழைய மர மேசையின் இழுப்பறையைப் பாருங்கள். காற்றில் ஈரம் கூடினால் பலகை உப்பி, இழுக்க வராமல் சிக்கும். ஈரம் குறைந்தால் சுருங்கும். சட்டத்தோடு இறுக ஒட்டியிருந்தால் சுருங்க வழியில்லாமல் வெடிக்கும். இப்படி ஏறி இறங்கியே பொருள் பாழாகிறது.

ஈரப்பதத்தை ஆட்டிவைப்பதில் வெப்பநிலைக்குப் பெரும் பங்கு உண்டு. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவி கொள்ளும். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம்தான். அதனால் 20 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் அறை 10 டிகிரிக்குக் குளிர்ந்தால், ஒரு சொட்டு நீர் சேராமலே 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். 70-க்கு மேல் நீடித்தாலே பூஞ்சை பிடிக்கும்.

அரை மீட்டர் செங்கல் சுவரில் பகல் சூடு உள்பக்கம் வந்து சேர 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வெளியே இரவாகிவிடும். வந்து சேரும் சூடும் வழியிலேயே தேய்ந்து, நூற்றில் ஓரிரு பங்காகியிருக்கும். உள்ளே வெப்பநிலை அசையாது, ஈரப்பதமும் அதிகம் ஆடாது.

சரி, கதவிடுக்கில் காற்று புகுந்தால்? அத்தனையும் வீண். அதனால்தான் இடுக்குகளை அடைப்பதை முதல் வேலையாக வைக்க வேண்டும் என்கிறேன். காற்று நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் காகிதமும் அட்டைப்பெட்டியும் மரமுமே ஈரத்தை வாங்கியும் விட்டும் சமன் செய்துகொள்ளும்.

இந்தச் சீர்மை என்ன செய்யும் என்பது இரண்டாம் உலகப் போரின்போது தெரிந்தது. லண்டன் நேஷனல் கேலரி தன் ஓவியங்களை வேல்ஸில் உள்ள மேனட் கற்சுரங்கத்தில் 17 டிகிரி, 42 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருந்தது. வண்ணம் உரிவது வெகுவாகக் குறைந்தது.

அப்புறம், செங்கல் தண்ணீரையும் உறிஞ்சும். கூரையின் மழைநீர்க் குழாய் ஒன்று அடைத்தாலும் சுவர் ஊறி, அந்த ஈரம் மாதக்கணக்கில் உள்பக்கம் கசியும். கிடங்கைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டிய இடம் அந்தக் குழாய்.