எண்ணிமத் தொடர்பாடல்: சொல்லும் பொருளும்

கிளிநொச்சிக் கடைத்தெருவில் ‘டிஜிட்டல் எங்கே?’ என்று கேட்டால், பதாகை அச்சடிக்கும் கடையையோ கலியாண வீட்டுப் படம் எடுக்கும் ஸ்ரூடியோவையோ கைகாட்டி விடுவார்கள். அதே சொல் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும்போது ஒரு கற்கைத்துறையின் பெயராகிவிடுகிறது. அண்மையில், முதுமாணிக் கற்கையைத் தொடரும் முல்லைத்தீவுப் பக்கத்து மாணவி ஒருவர், தம் ஊரவர்கள் வெளிநாட்டு உறவுகளோடு காணொளி அழைப்பில் பேசிக்கொள்வதைப் பற்றிய ஆய்வுக்கு ‘டிஜிட்டல் தொடர்பாடலும் அதன் சமூகத் தாக்கமும்’ என்று தலைப்பிட்டு என்னிடம் காட்டினார். “டிஜிட்டலுக்குத் தமிழில் எதைப் போடுவது, சேர்?” என்பதுதான் அவர் கேட்டது. கேள்வி ஒரு சொல்லைப் பற்றியதே. ஆயினும் அதற்கு விடை தேடியபோது தலைப்பிலிருந்த ஏனைய சொற்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

டிஜிட்டல் என்பதன் மூலம் இலத்தீன் மொழியின் ‘டிஜிட்டுஸ்’. அதன் பொருள் விரல். விரலைப் போன்ற பூவையுடைய ஒரு செடிக்கு ‘டிஜிட்டாலிஸ்’ என்று பெயர் வைத்ததும், அச்செடியிலிருந்து எடுக்கப்படும் இதய நோய் மருந்து ‘டிஜொக்சின்’ எனப்படுவதும் இதே வேரிலிருந்துதான். விரலைக் குறித்த சொல் எண்ணைக் குறிக்க வந்ததற்குக் காரணம் வெளிப்படையானது: மனிதர் விரல்களைக் கொண்டு எண்ணினார்கள், ஆகவே பத்துக்கு உட்பட்ட ஒவ்வோர் எண்ணும் ஒரு ‘விரல்’ ஆயிற்று. தமிழும் இதற்கு வெகு அருகில் வந்திருக்கிறது. ‘விரல்விட்டு எண்ணுதல்’ என்ற நம் வழக்கில் விரலும் எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஆனால் இலத்தீனில் விரல் என்ற சொல்லே எண்ணாக மாறியது. தமிழில் விரல் விரலாகவே இருந்து எண்ணுவதற்குத் துணை செய்தது.

கணிப்பொறிகளைக் குறிக்க இச்சொல் வந்த இடம் போர்க்களத்தை ஒட்டியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல், விமான எதிர்ப்புப் பீரங்கிகளைக் குறிபார்க்க உதவும் கருவிகளைப் பற்றிய கலந்தாய்வில், மின்துடிப்புகளைக் கொண்டு கணக்கிடும் கருவிகளை ‘டிஜிட்டல்’ என்று அழைக்கலாம் என்று அமெரிக்கக் கணிதவியலாளர் ஜோர்ஜ் ஸ்டிபிட்ஸ் முன்மொழிந்தார். அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1948 இல், இன்னோர் அமெரிக்கக் கணிதவியலாளரான குளோட் ஷனன் எழுதிய கட்டுரை, எந்தச் செய்தியையும் இரண்டே இலக்கங்களின் கோவையாக அளக்கவும் அனுப்பவும் முடியும் என்பதைக் கணித முறையில் நிறுவியது. பேச்சு, படம், பாட்டு, கடிதம் யாவும் ஒரே கம்பியில் ஒரே வடிவில் போகக்கூடிய இன்றைய நிலைக்கு அடித்தளம் அதுவே.

‘எண்ணாக மாற்றுதல்’ என்றால் என்ன என்பதை வன்னியில் விளக்குவதற்கு இரணைமடுவை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய அந்தக் குளத்தில், மாரியில் நீர் ஏறுவது படிப்படியாக அன்று. இடைவெளி இல்லாமல், மயிரிழை மயிரிழையாக ஏறுகிறது. அவ்வாறு இடையறாது மாறும் அளவை அப்படியே இன்னோர் அளவால் ஒத்துக் காட்டுவதுதான் ‘அனலொக்’ முறை. அளவுகோலில் நீர் தொட்ட இடத்தைப் பார்த்து ஒருவர் ‘31 அடி 4 அங்குலம்’ என்று எழுதும் கணத்தில் அது எண்ணாகிவிடுகிறது. நான்கு அங்குலத்துக்கும் ஐந்து அங்குலத்துக்கும் இடையில் நீர் எங்கே நின்றது என்ற செய்தி அதில் விடுபட்டுப் போகிறது. அதற்கு ஈடாகக் கிடைப்பது வேறொன்று: அந்த எண்ணைக் கிளிநொச்சியிலிருந்து ஒட்டுசுட்டானுக்கும் அங்கிருந்து ரொறொன்ரோவுக்கும் ஆயிரம் தடவை கைமாற்றினாலும், அது 31 அடி 4 அங்குலமாகவே போய்ச் சேரும். நுண்மையில் சிறிது இழந்து, சிதையாமல் படியெடுக்கும் ஆற்றலைப் பெறுவதே இம்முறையின் உள்ளியல்பு.

இந்த இயல்பு வன்னிக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. 2008, 2009 இடப்பெயர்வுகளில் வீட்டோடு அல்பங்களும் போய்விட்ட குடும்பங்களிடம், காணாமற்போன பிள்ளையின் படம் ஒன்று இன்று இருக்கிறது என்றால், அது பெரும்பாலும் எப்போதோ வெளிநாட்டு உறவினர் ஒருவருக்குத் தபாலில் போய், அங்கே வருடியில் (ஸ்கேனரில்) வைத்து எடுக்கப்பட்டு, கைத்தொலைபேசிக்குத் திரும்பி வந்த படமாகவே இருக்கும். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் தாய்மார் தொடங்கிய தொடர் போராட்டத்தில் அவர்கள் நெஞ்சோடு அணைத்திருந்த படங்களைப் பார்த்தவர்களுக்கு, சிதையாத படி என்பது தொழில்நுட்ப நூலுக்குரிய கருத்து மட்டுமன்று என்பது விளங்கும்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். இப்போது வழக்கில் பல சொற்கள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. சிங்கப்பூரில் ‘மின்னிலக்கம்’ நிலைபெற்றுவிட்டது. தமிழகத்துச் செய்தித்தாள்களில் ‘எண்ம’ என்பதையும், ‘மின்னணு’ என்பதையும், மொழிபெயர்க்காமல் விட்ட ‘டிஜிட்டல்’ என்பதையும் ஒருங்கே காண்கிறோம். இலங்கையில் ‘இலக்கமுறை’ என்பது நீண்ட காலமாக எழுத்தில் இருக்கிறது. ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் 2005 முதல் தொகுத்துவரும் நூலகம் திட்டத்தின் வழியாக ‘எண்ணிம நூலகம்’ என்ற தொடரும் நம் வாசகர்களுக்குப் பழகியிருக்கிறது.

இவற்றுள் ‘மின்’ சேர்ந்த சொற்களை நான் ஏற்பதில்லை. 1990களில் மின்சாரமும் இல்லாமல் மின்கலமும் கிடைக்காமல் இருந்த வன்னியில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்னைக் கொண்டு வானொலி கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அந்த வானொலி மின்னணுக் கருவிதான். ஆனால் அதற்கு வந்த அலையில் எண் எதுவும் இல்லை. மின்னணு என்றால் டிஜிட்டல் என்று எழுதுகிறவர் அந்த வானொலியையும் இன்றைய திறன்பேசியையும் ஒரே கூட்டில் அடைத்துவிடுகிறார். ஒரு முதுமாணி ஆய்வேட்டில் இத்தகைய குழப்பம் சிறியதாகத் தோன்றினாலும், ஊடக வரலாற்றையே பிறழ வைத்துவிடும். டிஜிட்டல் வரும் இடத்தில் எல்லாம் ‘இணையவழி’ என்று எழுதுவதும் அவ்வாறே; இணையம் இல்லாமலே குறுவட்டில் பாட்டுக் கேட்டவர்கள் கேட்டது எண்ணாக்கப்பட்ட ஒலியைத்தான்.

‘இலக்கமுறை’ பொருளால் பிழையானதன்று. ஆனால் இலங்கைத் தமிழில் இலக்கம் என்ற சொல் அன்றாடம் சுமக்கும் சுமை அதிகம். தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், வீட்டு இலக்கம் என்று அது பதிவெண்ணையே முதலில் நினைவூட்டுகிறது. சட்டங்களைக்கூட ‘2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம்’ என்றே குறிக்கிறோம். இலக்கம் வடசொல்லின் திரிபு என்பாரும் தமிழ் வேருடையது என்பாரும் உண்டு. அந்த வழக்கில் நான் இறங்கவில்லை. என் தடை, ‘இலக்கத் தொடர்பாடல்’ என்று எழுதினால் வவுனியா வாசகர் ஒருவர் தொலைபேசி எண்களைப் பற்றிய ஏதோ ஒன்று என்று எண்ணக்கூடும் என்பது மட்டுமே.

ஆகவே ‘எண்ணிமம்’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். கனிமம், கரிமம், படிமம் ஆகிய சொற்களின் ஓசைப் பாங்கில் அமைந்திருப்பதால் அது நாவுக்கு இடறவில்லை. எண் என்ற வேருக்கு, எண்ணிக்கை என்றும் நினைவு என்றும் இரு பொருள்கள் இருப்பது கூடுதல் பேறு. ‘எண்ணிப் பார்’ என்று ஒரு தாய் மகனிடம் சொன்னால், காசை எண்ணச் சொன்னாரா, யோசிக்கச் சொன்னாரா என்பதை இடம்தான் தீர்மானிக்கும். இன்னும் முக்கியமானது, இச்சொல் கிளைவிடக்கூடியது. ஆய்வு மாணவர்கள் அடிக்கடி மயங்கும் இரண்டு கருத்துகளை இதைக் கொண்டு எளிதாகப் பிரிக்கலாம். ஒரு பிரதேச செயலகத்தில் இருக்கும் காணி அனுமதிப்பத்திரங்களை வருடிக் கணினியில் ஏற்றினால் அது எண்ணிமமாக்கல். அதன் பின்னர், கிராம அலுவலரிடம் கடிதம் வாங்கி, செயலகத்தில் வரிசையில் நின்று, மறுபடியும் அலைந்து பெற்ற ஒன்றை, மக்கள் வேறு ஒழுங்கில் பெறத் தொடங்கி, அலுவலகத்தின் நடைமுறையே மாறினால் அது எண்ணிமமயமாதல். முன்னையது தாளுக்கு நேர்வது. பின்னையது மனிதருக்கு நேர்வது. சமூகத்தை ஆராய்கிறவருக்குப் பின்னையதே பொருள்.

கடைத்தெருவில் ‘டிஜிட்டல்’ என்பது இருக்கட்டும். பேச்சில் வேர்விட்ட சொல்லைப் பிடுங்குவது என் நோக்கமன்று; கருத்தை வரையறுத்து எழுத வேண்டிய இடத்தில் கருத்தைக் காட்டும் சொல் வேண்டும் என்பதே நோக்கம்.

தலைப்பின் அடுத்த சொல்லான ‘தொடர்பாடல்’ இலங்கைத் தமிழின் ஒரு நல்ல பேறு என்று நான் கருதுகிறேன். தமிழகத்தில் ‘தகவல் தொடர்பு’ என்று வழங்குவதை நாம் பாடசாலைப் பாடத்தின் பெயரிலிருந்தே தொடர்பாடல் என்று அறிந்திருக்கிறோம். உரையாடல், சொல்லாடல், உறவாடல், வாதாடல் ஆகியவற்றில் வரும் ‘ஆடல்’ இங்கேயும் வருகிறது. இந்த ‘ஆடு’ என்னும் துணைவினை, ஒரு செயல் மீண்டும் மீண்டும், பெரும்பாலும் இரு தரப்பாரிடையே, நிகழ்வதைக் காட்டும். ஒருவர் மட்டும் உறவாட முடியாது. ‘கொம்யூனிகேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலமும் ‘பொதுவாக்கு, பகிர்ந்துகொள்’ என்ற பொருளையே உடையது. ஆனால் பகிர்வதில் கொடுப்பவர் முன்னிற்க, ஆடலில் இருவரும் முன்னிற்கின்றனர். தகவல் தொடர்பு என்ற தொடரில் தகவலே தலைமை பெறுகிறது. வன்னியின் மரணவீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் ஒருவர் திறன்பேசியை உயர்த்திப் பிடித்திருக்க, சூரிச்சிலோ இலண்டனிலோ இருக்கும் மகன் தகப்பனின் இறுதிச் சடங்கை நேரலையில் பார்த்து அழுகிறான். அவன் அழுவதைப் பார்த்து இங்கே ஒப்பாரி மறுபடியும் எழுகிறது. இதில் கடத்தப்பட்ட ‘தகவல்’ எது? இறந்தவர் யார் என்பது இருபக்கத்தாருக்கும் முன்பே தெரியும். நிகழ்வது தொடர்பாடல், அதை வேறு சொல்லால் முழுமையாகச் சொல்ல முடியாது.

சமூகம் என்ற சொல்லில் சிக்கல் அதிகம் இல்லை. ‘சமூக வலைத்தளம்’ என்பதைவிடச் ‘சமூக ஊடகம்’ பொருத்தமானது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். வட்ஸ்அப், வைபர் குழுக்கள் தளங்கள் அல்ல.

மாணவியோடு அதிக நேரம் பேசவைத்தது ‘தாக்கம்’ என்ற சொல்தான். நம் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் ஆய்வுத் தலைப்புகளில் இதைப் போல அடிக்கடி வரும் சொல் குறைவு. தாக்கு என்பது மோதுதல், அடித்தல். தாக்கம் என்று எழுதிய உடனேயே, எங்கோ இருந்து ஒரு கருவி வந்து மோத, சமூகம் அடிவாங்கிக்கொண்டு நிற்கிறது என்ற படம் அமைந்துவிடுகிறது. பின்னர் வினாக்கொத்தும் அதற்கேற்றபடியே அமையும்: பிள்ளைகள் கெட்டுவிட்டார்களா, உறவுகள் அறுந்துவிட்டனவா என்றே கேட்கத் தோன்றும். ‘விளைவு’ என்ற சொல்லோ விளைதலிலிருந்து வருவது. ஒரே விதைநெல்லைக் குளத்து நீர் வெளிவரும் துருசுக்குப் பக்கத்து வயலிலும் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயலிலும் விதைத்தால் ஒரே விளைச்சல் வராது என்பது வன்னிக் கமக்காரர் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மண், நீர், உழைப்பு, காலம் எல்லாம் சேர்ந்தே விளைகிறது.

எண்ணிமத் தொடர்பாடலைப் பட்டப்பின் படிப்பாகக் கற்பவர் ஆராய வேண்டியதும் அந்த மண்ணையும் நீரையுமே ஆகும். கடும் மழைக் காலத்தில், ‘குளம் உடைப்பெடுத்துவிட்டது’ என்று ஒரு குரல்பதிவு வந்தால், ஓர் ஊரில் சனம் இரவோடு இரவாக எழுந்து ஓடும். இன்னோர் ஊரில், வான்கதவுப் பக்கம் இருக்கும் உறவினரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு ஓடாமல் இருக்கும். செயலி ஒன்று, செய்தியும் ஒன்று. வேறுபடுவது யாரை யார் நம்புகிறார்கள் என்பதும், முன்னர் எத்தனை முறை இடம்பெயர்ந்தார்கள் என்பதும், அந்த வீட்டில் இருக்கும் கைத்தொலைபேசி யாருடைய கையில் இருக்கிறது என்பதும் ஆகும். நிலத்தொடர்புத் தொலைபேசி வீட்டுக்கு வராமலே கைத்தொலைபேசி வந்து சேர்ந்த ஊர்கள் இங்கே பல. கடிதத்திலிருந்து நேரே காணொளி அழைப்புக்கு வந்த இந்த மக்களின் அனுபவத்தை, படிப்படியாக ஒவ்வொரு கருவியையும் கண்ட நாடுகளில் உருவான கோட்பாட்டைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. களத்தில் இருந்து கேட்டு எழுத வேண்டும்.

மாணவி தலைப்பை மாற்றி எழுதினார்: ‘எண்ணிமத் தொடர்பாடலும் அதன் சமூக விளைவுகளும்: முல்லைத்தீவு மாவட்டக் குடும்பங்களை முன்வைத்து’. எண்ணிமம் என்ற பெயரோடு தொடர்பாடல் சேரும்போது, மரம் என்பது பெட்டியோடு சேர்ந்து மரப்பெட்டி ஆவதைப் போல, ஈற்று மகரம் கெட்டு வல்லினம் மிகும். ஆகவே ‘எண்ணிம தொடர்பாடல்’ என்று எழுதாமல் எண்ணிமத் தொடர்பாடல் என்றே எழுத வேண்டும். அடுத்துவரும் சொல் வல்லினத்தில் தொடங்காதபோது, எண்ணிம ஊடகம், எண்ணிம நூலகம் என இயல்பாகவே நிற்கும்.