நேட்டிவ் சவுண்டுக்குப் பூர்வீகம் ஏது?

'இக்கைபேசி பூர்வீக ஒலியை ஆதரிக்காது.' கைபேசிக்குப் பல்லூடகம் செய்வது பற்றிய பழைய பாடம் ஒன்றின் மொழிபெயர்ப்பை மெய்ப்புப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். இந்தத் தொடர் பதினோராவது முறை வந்ததும் பேனாவை மூடிவிட்டேன். பூர்வீக வீடு தெரியும், பூர்வீகச் சொத்து தெரியும். ஒலிக்குமா பங்காளிகள்?

மூலத்தில் இருந்தது நேட்டிவ் சவுண்ட். பிறப்பைக் குறிக்கும் லத்தீன் வேர். நேஷன், நேச்சர் எல்லாம் அதே குடும்பம். 'உங்க நேட்டிவ் எது?' என்று நாமே கேட்கிறோம். வேர்க்கதை அவ்வளவுதான்.

சிக்கல் பொருளில் இருக்கிறது. பாடம் ஃபிளாஷ் லைட் பற்றியது; அன்றைய கைபேசிகளில் அசைபடமும் விளையாட்டும் ஓட்டிய மென்பொருள் அது. 2003-இல் ஜப்பானில் டோகோமோ நிறுவனத்தின் கைபேசிகளில் அது முதலில் வந்தபோது, அதற்குத் தானாக ஒலியை வாசிக்கத் தெரியாது. மிடி போன்ற இசைக் கோப்பை அப்படியே கைபேசியிடம் நீட்டிவிடும். அதுதான் டிவைஸ் சவுண்ட். மிடிக்குள் இருப்பது ஸ்வரக் குறிப்பு மட்டுமே, வாத்தியம் கைபேசியுடையது. அதனால் ஒரே பாட்டு ஒரு போனில் வீணையாகவும் இன்னொன்றில் தகர டப்பாவாகவும் கேட்கும். கணினியில் வேலை செய்யும்போது ஒரு எம்பி3-ஐ டம்மியாக வைத்து, மிடியை அதோடு கோத்துவிட வேண்டும்; வெளியிடும்போது டம்மி போய் மிடி வந்து உட்காரும். 1.1 பதிப்பில்தான் ஒலியைக் கோப்புக்குள்ளேயே வைத்து ஃபிளாஷ் லைட்டே வாசிக்கும் வழி வந்தது. அதுவே நேட்டிவ் சவுண்ட். அதாவது ஃபிளாஷுக்குச் சொந்தம், கைபேசிக்கு அல்ல. நேட்டிவ் ஆப் என்னும்போதோ கதை தலைகீழ்: அது போனுக்குச் சொந்தம்.

இதைச் சொன்னால் தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'இயல் ஒலி' என்கிறார். பூர்வீகம் வடசொல், இயல் தூய தமிழ் என்பது அவர் கட்சி. தூய்மை சரி, தெளிவு எங்கே? இயல், இசை, நாடகம் என்று அடுக்கும் மொழியில், இசைக்கு எதிரே நிற்கும் சொல்லை எடுத்து ஒலிக்கு அடைமொழியாக்கலாமா? அப்புறம் ஒலியியல் என்று ஒரு துறையே இருக்கிறது. இயல் ஒலி, ஒலியியல் என்று அடுத்தடுத்த வரியில் வந்தால் மாணவன் என்ன செய்வான்? இயல்பான ஒலி என்று பிரித்தால் குயில் கூவுவதுதான் நினைவுக்கு வரும். எல்லாவற்றையும்விட, யாருக்கு இயல்பு என்பதைச் சொல் சொல்லவே இல்லை. நான் கோப்பொலி, கைபேசியொலி என்று எழுதினேன். ஒலி எங்கே இருக்கிறது என்று பெயரே சொல்லிவிடும்.

அதே பாடத்தில் 'எழுத்து வரம்புகள்' என்றொரு தலைப்பு. தமிழ் எழுத்து உடைவது பற்றி என்று ஆவலாகப் படித்தேன். உள்ளே, ஃபிளாஷ் லைட் 1.1-இல் நிரல் எழுதும்போது அரே (மதிப்புகளின் வரிசை) கிடையாது, சொந்தமாக ஃபங்ஷன் (பெயரிட்ட கட்டளைத் தொகுதி) எழுத முடியாது என்றெல்லாம் இருந்தது. நிரலைக் குறிக்கும் ஸ்கிரிப்ட்டை எழுத்தாக்கியிருக்கிறார்கள்! 'நிரல் வரம்புகள்' என்று திருத்தி அனுப்பினேன். திரும்பி வந்த படியில் 'எழுத்து நிரல் வரம்புகள்' என்று இருந்தது.